பிசைஞ்ச சோறும் கேஸ்ட்ரிக் பேண்டும்: மும்பை செம்பூர்ல இருந்து ஒரு அனுபவம்

வெயிட் குறையறதுக்காக இரைப்பைய சுத்தி ஒரு வளையம் மாட்டற கேஸ்ட்ரிக் பேண்ட் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பும்போது கையில ஒரு டயட் ஷீட் குடுப்பாங்க. முதல் ரெண்டு வாரம் தண்ணியா, அடுத்த ரெண்டு வாரம் கூழா, அப்புறம் கொஞ்ச நாள் மெத்துன்னு, அஞ்சு ஆறு வாரத்துக்கு மேல வழக்கமான சாப்பாடுன்னு போட்டிருக்கும். அந்தக் கடைசி வரிக்கு அப்புறம்தான் நம்ம ஆளுங்களுக்கு உண்மையான சிக்கல் ஆரம்பிக்குது. நம்ம வழக்கமான சாப்பாடுன்னா என்ன, சோத்துல குழம்பு ஊத்தி பிசையறது, ரசம் ஊத்தி கரைக்கறது, தயிர் ஊத்தி குழைக்கறது, நடுவுல விக்கினா தண்ணி, முடிச்சதும் ஒரு டம்ளர் மோர். பேண்ட் வேலை செய்யணும்னா இது அத்தனையும் தலைகீழா மாறணும், கெட்டியா சாப்பிடணும், குழம்பு ரசம் ஊத்தாம சாப்பிடணும், கூட எதுவும் குடிக்கக் கூடாது. இத எனக்கு யாரும் தமிழ் வீட்டுச் சாப்பாட்ட வச்சு சொல்லிக் குடுக்கல, டயட்டீஷியன் ரொம்ப நல்லவங்கதான் ஆனா அவங்க சொன்னதெல்லாம் டால், ரொட்டி, சப்ஜி கணக்குல இருந்துச்சு, அத நம்ம இலைக்கு மாத்திக்கறதுக்கு எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. இப்ப பேண்ட் போட்டிருக்கவங்க, போடலாமான்னு யோசிக்கறவங்க, அவங்களுக்கு சமைச்சுப் போடறவங்க மூணு பேருக்கும்தான் இத எழுதறேன்.

நான் போட்டது 2012ல, மும்பைலதான். அப்ப 112 கிலோ, உயரம் 158 செ.மீ., பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு, 45 கிட்ட. சுகர் இருந்துச்சு, முட்டி வலி, ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா, அதுக்கு மாஸ்க் வழியா காத்து அடிக்கற சிபாப் மெஷின் மாட்டிக்கிட்டுதான் தூங்குவேன். டயட், வாக்கிங், நாட்டு மருந்து எல்லாம் வருஷக் கணக்கா பாத்தாச்சு. குறையும், திரும்ப ஏறும், ஏறும்போது பழையதுக்கு மேல ரெண்டு கிலோ சேத்துக்கிட்டு ஏறும்.

பேண்டுங்கிறது ஒரு சிலிகான் வளையம். லேப்ராஸ்கோப்பில வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு இரைப்பையோட மேல் பகுதிய சுத்தி மாட்டிடுவாங்க, மேல 15ல இருந்து 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை உண்டாகும், அதாவது ஒண்ணு ரெண்டு டேபிள்ஸ்பூன்தான். வளையத்துல இருந்து ஒரு ட்யூப் வந்து தோலுக்கு அடியில தைச்சு வச்சிருக்க போர்ட்ல முடியும். அந்த போர்ட் வழியா ஊசி போட்டு சலைன், அதாவது உப்புத் தண்ணி ஏத்துனா வளையம் இறுகும், எடுத்தா தளரும். இரைப்பைய வெட்டறதில்ல, குடலை மாத்தறதில்ல, சாப்பிட்டது வழக்கம் போலவே உடம்புல சேரும். இத நல்லா மனசுல ஏத்திக்கணும். இரைப்பையையும் குடலையும் மாத்தி இணைக்கற கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் மாதிரி சத்து உறிஞ்சறத குறைக்கறதெல்லாம் இதுல கிடையாது, கொஞ்சம் சாப்பிட்டதும் போதும்னு தோண வைக்கறது மட்டும்தான் இது பண்ற வேலை. அந்த போதுங்கிற உணர்ச்சி கெட்டியான சாப்பாட்டுக்குத்தான் வரும். புனல்ல கஞ்சிய ஊத்துனா சர்ருன்னு இறங்கிடும், பொரிகடலைய கொட்டுனா நின்னு நின்னுதான் இறங்கும், அவ்வளவுதான் விஷயம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் மாவுச்சத்தும் கொழுப்பும் ரொம்ப கம்மியான டயட்ல வைப்பாங்க. வெயிட்ட காட்டறதுக்கு இல்ல, கல்லீரல சுருக்கறதுக்கு. நம்மள மாதிரி குண்டா இருக்கவங்களுக்கு கல்லீரல்ல கொழுப்பு சேந்து பெருசா இருக்கும், அது இரைப்பைக்கு மேலயே படுத்திருக்கும், அத ஒதுக்காம டாக்டரால பேண்ட் மாட்ட முடியாது. அதனால அந்த ரெண்டு வாரத்த யாரும் லேசா எடுத்துக்காதீங்க. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க அப்பவே டாக்டர்கிட்ட கேட்டு டோஸ குறைச்சுக்கணும், சாப்பாடு பாதியா குறைஞ்சு மருந்து மட்டும் அதே அளவுல போனா சுகர் தடால்னு இறங்கிடும்.

ஆபரேஷன் முடிஞ்சதும் எனக்கு வயித்த விட இடது தோள்பட்டைதான் வலிச்சுது. வயித்துக்குள்ள அடிக்கற கேஸ் உதரவிதானத்த உறுத்தறதால வர்ற வலியாம், எழுந்து நடக்க நடக்க குறைஞ்சுது. வீட்டுக்கு வந்த பிறகு பாரம் தூக்கறதுதான் பெரிய பிரச்சனை, காலைல தண்ணி வர்ற நேரத்துல பக்கெட்டும் டிரம்முமா பிடிச்சு வைக்கற வீடு எங்களோடது, அத மொத்தமா என் வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டாரு. ஹார்பர் லைன் லோக்கல் ட்ரெயின்ல கூட்ட நேரத்துல லேடீஸ் பெட்டில ஏறறதும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்னு வச்சேன், ஏறறப்ப யார் முழங்கை எங்க படும்னு தெரியாது, போர்ட் நல்லா ஒட்டிப் பிடிக்கற வரைக்கும் வயித்துல இடி வாங்கக் கூடாது.

முதல் ரெண்டு வாரம் தண்ணி ஆகாரத்துல வெயிட் நல்லா இறங்கும். அந்த நேரத்துல நம்ம சமையல் கை குடுக்கும், வடிகட்டின ரசம், பருப்புத் தண்ணி, மோர், சூப், ஒவ்வொரு வாயா. அதுக்கப்புறம் ஒரு கட்டம் வரும், யாரும் முன்கூட்டி சொல்லாததால நிறைய பேர் அங்க உடைஞ்சு போயிடறாங்க. உள்ள வீக்கம் வத்திடும், பேண்ட்ல இன்னும் சலைன் ஏத்திருக்க மாட்டாங்க, பழைய பசி அப்படியே திரும்ப வந்துடும், சாப்பிட்டா இறங்கவும் செய்யும். இவ்வளவு காசு போட்டு ஆபரேஷன் பண்ணியும் எனக்கு மட்டும் வேலை செய்யலையேன்னு ராத்திரி அழுதிருக்கேன். பேண்ட் தளர்வா இருந்தா பசிக்கத்தான் செய்யும், உங்க மேல ஒரு குறையும் இல்ல. அந்த வாரங்கள் ஆறறதுக்கு உண்டானது, வெயிட் குறையறதுக்கு இல்லன்னு நினைச்சுக்கிட்டு முதல் ஃபில், அதாவது முதல் தடவை சலைன் ஏத்தற வரைக்கும் ஓட்டிடுங்க.

ஃபில்லுங்கிறது பொதுவா நாலு ஆறு வாரம் கழிச்சு ஆரம்பிக்கும். பயந்துக்கிட்டே போனேன், ஒண்ணுமே இல்ல. படுக்க வச்சு காலை லேசா தூக்கச் சொன்னாங்க, வயித்துத் தசை இறுகினா போர்ட் கைக்கு தட்டுப்படும், அப்புறம் அதுக்குன்னே இருக்கற ஒரு ஸ்பெஷல் ஊசி, போர்ட்டோட ரப்பர கிழிக்காத முனை உள்ளது, நேரா இறங்குது, ரத்தம் எடுக்கற வலி கூட இல்ல. கொஞ்சம் சலைன் ஏத்திட்டு உக்கார வச்சு ஒரு கிளாஸ் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிக்கச் சொன்னாங்க. தண்ணி நெஞ்சுக்குள்ள நின்னு மெதுவா இறங்கறது எனக்கே தெரிஞ்சுது, நர்ஸ் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. தண்ணி கலகலன்னு மேல வந்தா உடனே கொஞ்சம் எடுத்துடுவாங்க. அதனால ஃபில் முடிஞ்ச கையோட ஓடாதீங்க, தண்ணி ஒழுங்கா இறங்குதான்னு பாத்துட்டுதான் கிளம்பணும். ஒவ்வொரு ஃபில்லுக்கும் அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் தண்ணி ஆகாரம், அடுத்து மெத்துன்னு, அப்புறம் கெட்டி. சரியான இறுக்கம் ஒரே தடவைல வராது, மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமாதான் வரும்.

அது சரியா அமைஞ்ச பிறகு ஒரு சாயங்காலம் ஆஃபீஸ்ல யாரோ வாங்கிட்டு வந்த வடாபாவ்ல ஒரு கடி கடிச்சேன். மும்பைல இருந்துக்கிட்டு பாவ் சாப்பிடாம யார் இருக்கா. ரெண்டாவது வாய் முழுங்கறப்பவே நெஞ்செலும்புக்குப் பின்னாடி ஒரு கல்லு நின்ன மாதிரி இருந்துச்சு, வாயில எச்சில் ஊற ஆரம்பிச்சுது, சாதாரண எச்சில் இல்ல, நுரையா வழவழன்னு நிக்காம ஊறுது, முழுங்கவும் முடியல, மூக்குல தண்ணி, கண்ணுல தண்ணி. வாஷ்ரூம் போயி நின்னேன், கொஞ்ச நேரத்துல அந்த பாவ் அப்படியே உருண்டையா மேல வந்துடுச்சு, புளிப்பு கசப்பு எதுவும் இல்லாம போன மாதிரியே வந்துச்சு, ஏன்னா அது கீழ இரைப்பைக்குப் போகவே இல்ல. பேண்ட் போட்டவங்க நிறைய பேருக்கு ஏதாவது ஒரு நாள் இது நடக்கும்.

அப்படி அடைச்சா என்ன பண்ணணும்னு நல்லா தெரிஞ்சு வச்சுக்கோங்க. மேல தண்ணி குடிச்சு தள்ளப் பாக்காதீங்க, அடைச்சதுக்கு மேல தண்ணி போயி நின்னா வலி இன்னும் கூடும். சாப்பிடறத நிறுத்திட்டு எழுந்து நின்னு மெதுவா நடங்க, அதுவா இறங்கும், இல்லன்னா மேல வரும். வந்த பிறகு அந்த இடம் வீங்கியிருக்கும், பசிக்குதேன்னு உடனே திரும்ப சாப்பிட்டா மறுபடி அடைக்கும், ஒரு நாள் முழுக்க தண்ணி ஆகாரத்துலயே இருங்க. பல மணி நேரம் ஆகியும் எச்சில் கூட இறங்கலன்னா, குடிச்ச தண்ணி தங்கலன்னா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு வீட்டுல உக்காரக் கூடாது, அன்னிக்கே போயி சலைன எடுக்கச் சொல்லணும். விடாம வாந்தி எடுக்கறதால பேண்ட் நழுவிப் போகும், இரைப்பை பேண்டுக்கு மேல ஏறி மாட்டிக்கும், அது எமர்ஜென்சி. நாள் கணக்கா வாந்தி இருந்தா பி1 வைட்டமின் குறைஞ்சு நரம்ப பாதிக்கும், அதையும் டாக்டருக்கு ஞாபகப்படுத்துங்க.

அடைக்கறதுக்கு முன்னாடி உடம்பு ஒரு சிக்னல் குடுக்கும். எனக்கு மூக்கு ஒழுகும், எங்க அபார்ட்மென்ட்ல பேண்ட் போட்ட இன்னொரு அக்காவுக்கு விக்கல் வரும், சிலருக்கு ஒரு பெருமூச்சு, ஒரு ஏப்பம். அது வந்தா வாயில இருக்கறதோட நிறுத்திடணும், தட்டுல மிச்சம் இருக்கறத பாக்கக் கூடாது. சோத்த வீணாக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க நம்மள, அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி தட்டுல போடறதையே கம்மியா போடறது. எங்க வீட்டுல குழந்தைக்கு சோறூட்டற சின்னக் கிண்ணம் ஒண்ணு இருந்துச்சு, அதுல கொள்ற அளவுதான் எனக்கு ஒரு வேளை, கூடவே ஒரு சின்ன ஸ்பூன். கையால சாப்பிட்டா நம்ம கை பழக்கத்துல பெரிய உருண்டையாதான் பிடிக்கும். ஒரு வாய் வச்சதும் ஸ்பூன கீழ வச்சிடணும், கூழா ஆகற வரைக்கும் மென்னு முழுங்கிட்டுதான் திரும்ப எடுக்கணும். இருபது நிமிஷத்துக்கு மேல சாப்பாட்ட இழுத்துக்கிட்டும் உக்காரக் கூடாது, மேல போடப் போட கீழ இறங்கிக்கிட்டேதான இருக்கும், அப்புறம் அளவுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

எது இறங்கும் எது அடைக்கும்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், ஆனா பொதுவா மெத்து மெத்துன்னு மாவா இருக்கறது உருண்டை கட்டி அடைக்கும். பாவ், பிரெட், பன், தடியான ஊத்தப்பம், சூடு ஆறின சப்பாத்தி எல்லாம் எனக்கு ஆகவே ஆகாது, அதே மாவு காய்ஞ்சு மொறுமொறுன்னு இருந்தா இறங்கும், முறுகல் தோசை இறங்கும், அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கற குஜராத்தி கக்ரா இறங்கும். இட்லி தனியா சாப்பிட்டா அடைக்குது, சாம்பார்ல ஊற வச்சா வழுக்கிட்டு ஓடிடுது, ரெண்டும் பிரயோஜனம் இல்ல. சிக்கன் பிரெஸ்ட் பீஸும் மட்டனும் கஷ்டம், கீமாவா இருந்தா பரவால்ல, அதுலயும் ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுபடி சூடு பண்ணினது நார் நாரா காய்ஞ்சு போயிருக்கும், தொடாதீங்க. முருங்கைக்காய், வாழைத்தண்டு நார், ஆரஞ்சுச் சுளையோட தோல், முழு வேர்க்கடலை இதெல்லாம் ஜாக்கிரதை. கீரைய பொடிப்பொடியா நறுக்கினாதான். நல்லா போறது மீன். பாப்லெட், ராவஸ், வஞ்சிரம் எல்லாம் மசாலா கம்மியா போட்டு தோசைக்கல்லுல லேசா பொரிச்சா இதழ் இதழா பிரியும், மெல்ல சுலபம், புரோட்டீனும் நல்லா கிடைக்கும். முட்டைய ரப்பர் மாதிரி ஆக விடாம ஈரப்பதமா பொடிமாஸ் பண்ணணும்.

புரோட்டீன்தான் முதல்ல. ஒரு நாளைக்கு 60 கிராமாவது போகணும்னு எனக்கு சொன்னாங்க, சின்னக் கிண்ணத்துல மூணு வேளைக்கு அத அடைக்கறது நம்ம சாப்பாட்டுல லேசுப்பட்ட காரியம் இல்ல. ஒரு முட்டைல 6 கிராம்தான், தயிர் 100 கிராமுக்கு 3, 4 கிராம், பனீர் 100 கிராமுக்கு 18 கிராம் கிட்ட. சோறு முதல்ல போனா இடம் முடிஞ்சு போச்சு. அதனால வரிசைய மாத்தினேன், மீனோ முட்டையோ பருப்போ முதல்ல, காய் அடுத்து, சோறு கடைசியா இடம் இருந்தா ரெண்டு ஸ்பூன். பெரும்பாலும் இடம் இருக்காது.

இந்த இடத்துலதான் எங்க அத்தைய பத்தி சொல்லணும், என் மாமியார், திருநெல்வேலிக்காரங்க, எங்க கூடதான் இருக்காங்க. ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு சோத்த குழைய வடிச்சு ரசம் ஊத்தி நெய் விட்டு கரைச்சுக் குடுக்கறதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம். மெத்துன்னு சாப்பிட வேண்டிய காலம் முடிஞ்ச பிறகும் அப்படியே குடுத்தாங்க, நல்லா இறங்குச்சு, ஒரு கிண்ணம் முடிஞ்சதும் அரை மணில பசி, திரும்ப ஒரு கிண்ணம். "ஏம்மா, ஒண்ணும் அடைக்கலல்லா, இதையே சாப்பிடேன், மொகம் வத்திப் போச்சு பாரு"ன்னாங்க. அவங்க மனசு நோகாம இத எப்படி சொல்றதுன்னு தெரியாம ஒரு நாள் அவங்களையே டயட்டீஷியன்கிட்ட கூட்டிட்டுப் போனேன், எனக்குத் தெரிஞ்ச இந்தியில மொழிபெயர்த்து மொழிபெயர்த்து ரெண்டு பேரும் பேசினாங்க. கெட்டியா, ஈரமா, சின்னச் சின்ன துண்டா, பருப்போ மீனோ இருக்கணும்னு கேட்டுக்கிட்டு வந்த அத்தை அடுத்த நாள் பண்ணினது சுறா புட்டு. பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு உதிரி உதிரியா, இந்த ஆபரேஷனுக்காகவே யாரோ கண்டுபிடிச்ச மாதிரி. நாலு அஞ்சு ஸ்பூன்ல வயிறு நிறைஞ்சு சாயங்காலம் வரைக்கும் பசியே இல்ல, அன்னிக்குதான் எனக்கு பேண்ட் என்ன பண்ணும்னே புரிஞ்சுது. அதுக்கப்புறம் பருப்பு உசிலி, தோல் நீக்கின பயறுல சுண்டல், முட்டைப் பொடிமாஸ், கெட்டிக் கூட்டுன்னு அவங்களா ஒரு சமையல் வரிசையே உண்டாக்கிட்டாங்க. மாட்டுங்கா மார்க்கெட்ல நம்ம ஊர்க் காயெல்லாம் கிடைக்கறது பெரிய உதவி, பீன்ஸும் கொத்தவரங்காயும் வாங்கிட்டு வந்தா நுணுக்கி நறுக்கி உசிலிக்கு எடுத்து வச்சிடுவாங்க. குழம்பு, ரசம், சொதி எல்லாம் வீட்டுல மத்தவங்களுக்கு உண்டு, என் கிண்ணத்துல ஊத்தறதில்ல. பேண்ட் போட்ட ஒருத்தர் வீட்டுல சமைக்கறவங்களையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது பாதி சிகிச்சைன்னு நான் சொல்லுவேன்.

தண்ணி விஷயம் எனக்கு எல்லாத்தையும் விட கஷ்டமா இருந்துச்சு. சாப்பிடறதுக்கு அரை மணி முன்னாடி வரைக்கும் குடிக்கலாம், சாப்பிடும்போது கிடையாது, முடிச்சும் அரை மணில இருந்து ஒரு மணி நேரம் கிடையாது. கூட குடிச்சா சாப்பாட்ட கரைச்சு இறக்கி விட்டுடும், வயிறு நிறைஞ்ச உணர்ச்சி வராது. அடைச்சிருக்கறப்ப குடிச்சா மேல சொன்ன வலி. மே மாச மும்பை புழுக்கத்துல ட்ரெயின் இறங்கி வீட்டுக்கு வந்ததும் சொம்போட அண்ணாந்து கடகடன்னு குடிக்கறதும் இனி முடியாது, வாய் வாயாதான். அதனால பாட்டில கூடவே வச்சுக்கிட்டு நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும், இல்லன்னா தண்ணி பத்தாம தலைவலி, மலச்சிக்கல் எல்லாம் வரும். சோடா, கோலா மாதிரி கேஸ் உள்ளது எதுவும் வேண்டாம்.

காலைல பேண்ட் ரொம்ப டைட்டா இருக்கும், ஏன்னு என்கிட்ட கேக்காதீங்க, நிறைய பேருக்கு அப்படித்தான். எழுந்ததும் சூடா ஒரு ஃபில்டர் காபி, சர்க்கரை இல்லாம, மெதுவா. அப்புறம் ஆஃபீஸ் போய் பத்தரை மணிக்குத்தான் டிஃபன். டென்ஷன்ல இருந்தாலும், பீரியட்ஸ் சமயத்துலயும் இறுகும், அன்னிக்கு தயிர், முட்டைன்னு லேசா முடிச்சுக்கறது நல்லது. கோபத்தோட சாப்பிட உக்காரவே கூடாது, நான் கண்ட உண்மை.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு. இன்னும் டைட் பண்ணினா இன்னும் வேகமா குறையும்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு இருக்கு. நேர் எதிர்தான் நடக்கும். ரொம்ப டைட்டானா மீனும் பருப்பும் காயும் இறங்காது, எது இறங்கும்னா ஐஸ்க்ரீம் இறங்கும், மில்க்ஷேக், பாயசம், ஆம்ரஸ், ஃபலூடா, சாக்லேட் எல்லாம் எந்தத் தடையும் இல்லாம வழுக்கிட்டுப் போகும். சிப்ஸும் மிக்சரும் கூட வாயிலயே பொடியாகி ஓடிடும், இந்த ஊர்ல தெருவுக்கு ஒரு ஃபர்சான் கடை வேற. மனுஷனுக்கு பசிச்சா இறங்கறதத்தான் சாப்பிடுவான். அதனால பேண்ட் இறுக இறுக வெயிட் ஏறும், நம்ப முடியாம இருக்கும் ஆனா ஏறும். பைபாஸ் பண்ணினவங்களுக்கு இனிப்பு சாப்பிட்டா படபடன்னு வந்து பயம் காட்டும், பேண்ட்ல அந்த எச்சரிக்கையும் கிடையாது. ராத்திரி படுத்தா இருமல் வருது, எதுக்களிக்குது, தலையணைல எச்சில் ஒழுகியிருக்குன்னா அது டைட்டா இருக்குங்கிறதுக்கு அடையாளம், சாப்பிட்டது மேல வந்து நுரையீரலுக்குப் போயிடும், அது விளையாட்டில்ல. கொஞ்சம் எடுத்துடுங்கன்னு தைரியமா கேளுங்க. எடுத்த பிறகு எனக்கு வெயிட் குறைஞ்சுது.

ஆஃபீஸ்ல மதியம் எல்லாரும் டப்பாவ திறந்து நடுவுல வச்சு பகிர்ந்து சாப்பிடறது வழக்கம். பேசிக்கிட்டே சாப்பிட்டா மெல்ல மறந்துடும், அதனால முதல் பத்து நிமிஷம் நான் பேச மாட்டேன்னு சொல்லி வச்சுட்டேன், புரிஞ்சுக்கிட்டாங்க. கல்யாணம்தான் சோதனை. மாட்டுங்கால ஒரு கல்யாணத்துல இலைல நான் அவியலும் கூட்டும் மட்டும் வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன், எங்க பெரியத்தை பின்னாடி வந்து நின்னு "என்ன பிள்ள, வீட்டு விசேஷத்துல இலைய மூடற மாதிரி உக்காந்திருக்க"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க. வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு பெரியத்தை, டாக்டர் இவ்வளவுதான் சொல்லியிருக்காருன்னேன், உடனே அவங்களே பரிமாறறவர தடுத்து நிறுத்திட்டாங்க. எல்லாருக்கும் பேண்ட பத்தி விளக்கணும்னு இல்ல. ஆபரேஷன்னு ஒரு வார்த்தை சொன்னா நம்ம ஆளுங்க மதிப்பாங்க, டயட்டுன்னு சொன்னா விட மாட்டாங்க.

மாத்திரைங்க பத்தி ஒரு எச்சரிக்கை. சுகர் மாத்திரை மாதிரி பெரிய மாத்திரை அப்படியே முழுங்கினா அடைக்கும், ஆனா எல்லாத்தையும் உடைச்சுப் போடவும் கூடாது, எக்ஸ்ஆர், எஸ்ஆர்னு போட்டிருக்கறது மெதுவா கரையறதுக்குன்னு செஞ்சது, உடைச்சா மருந்து மொத்தமும் ஒரே நேரத்துல உடம்புல இறங்கிடும். டாக்டர்கிட்ட சொன்னா சின்ன மாத்திரையாவோ சிரப்பாவோ மாத்திக் குடுப்பாங்க. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைய நீங்களா கடைல வாங்கிப் போடாதீங்க, இரைப்பைய புண்ணாக்கும். மல்ட்டி வைட்டமின், இரும்பு, பி12, வைட்டமின் டி இதெல்லாம் ரத்தம் டெஸ்ட் பண்ணி சொல்றபடி. மூணு நாலு மாசத்துல முடி கொத்துக் கொத்தா கொட்டும், வெயிட் குறையறப்ப அப்படி ஆகும், புரோட்டீன் ஒழுங்கா போச்சுன்னா திரும்ப வளரும், எனக்கு வளந்துச்சு.

குறைஞ்ச கணக்க சொல்றேன். பேண்ட்ல வாரத்துக்கு அரை கிலோல இருந்து ஒரு கிலோ குறைஞ்சா நல்ல வேகம், ஸ்லீவ் (இரைப்பைய வெட்டி சின்னதாக்கற ஆபரேஷன்), பைபாஸ் பண்ணினவங்களோட ஒப்பிட்டுப் பாக்காதீங்க, அவங்க வேகம் வேற. எனக்கு ரெண்டு வருஷத்துல 112ல இருந்து 83க்கு வந்துச்சு, நடுவுல மாசக் கணக்கா வெயிட் மெஷின் முள்ளு நகராம நின்னிருக்கு. சிபாப் மெஷின டாக்டர் டெஸ்ட் எடுத்துட்டு நிறுத்தச் சொன்னாரு, சுகர் மாத்திரை ஒண்ணா குறைஞ்சுது, டயமண்ட் கார்டன்ல முட்டி வலி இல்லாம சுத்தி வர முடியுது. இப்ப 86ல நிக்குது. நான் எதிர்பாத்த 60 வரல, வராது, எனக்கு இந்த உடம்பு போதும்.

பேண்ட் இன்னிக்கு உலகம் முழுக்க குறைஞ்சு போச்சுங்கிறதையும் மறைக்காம சொல்லணும். 2011ல அமெரிக்காவுல நடந்த எடை குறைப்பு ஆபரேஷன்கள்ல மூணுல ஒண்ணுக்கு மேல பேண்ட்தான், இப்ப நூத்துல ஒண்ணு கிட்டதான் இருக்கும். நழுவறது, இரைப்பைச் சுவர அரிச்சு உள்ள போறது, ட்யூப் லீக் ஆகறது, உணவுக்குழாய் விரிஞ்சு போறதுன்னு வருஷம் போகப் போக பிரச்சனை வந்து நிறைய பேருக்கு எடுத்துட்டு ஸ்லீவோ பைபாஸோ பண்ண வேண்டி வந்துடுச்சு. புதுசா பண்ணிக்கப் போறவங்க டாக்டர்கிட்ட மூணையும் பத்தி கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. இன்ஷூரன்ஸையும் கேளுங்க, பிஎம்ஐ 40க்கு மேல, இல்ல 35க்கு மேல இருந்து கூட தீவிரமான ஸ்லீப் ஆப்னியா, கட்டுப்படாத சுகர், இதய நோய் இந்த மாதிரி இருந்தா இப்ப க்ளெய்ம் பண்ண வழி இருக்கு, வெயிட்டிங் பீரியட் பாலிசிக்கு பாலிசி மாறும்.

ஏற்கனவே பேண்டோட இருக்கவங்க, நல்லாதான இருக்குன்னு செக்கப்ப விட்டுடாதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை பேரியம் குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கறது நல்லது. பேண்ட் தெரிஞ்ச டாக்டருங்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, அதனால ஆபரேஷன் நோட், பேண்டோட மாடல் பேரு, இப்ப உள்ள எத்தனை மில்லி சலைன் இருக்குங்கிறது மூணையும் போட்டோ எடுத்து ஃபோன்ல வச்சுக்கோங்க. எம்ஆர்ஐ, எண்டோஸ்கோப்பி, பிரசவம் எதுக்குப் போனாலும் முதல்ல அத காட்டுங்க, கர்ப்பமா இருக்கறப்ப சலைன எடுத்து தளர்த்தி விடலாம். நான் லீவுக்கு திருநெல்வேலி போறப்ப அங்க பேண்ட் ஊசி போட யார் இருக்காங்கன்னு முன்கூட்டியே விசாரிச்சு நம்பர வாங்கி என் வீட்டுக்காரர் ஃபோன்லயும் ஏத்திடுவேன், அடைச்சு நிக்கறப்ப என்னால பேச முடியாதுல்ல.